துப்பாக்கிக்கு ஒரு தொட்டில்!



ஆயுத பூஜைக்கு உங்க வீட்டுல எதுக்கெல்லாம் பொட்டு வைப்பீங்க? அப்பாவோட பைக், அம்மாவோட தையல் மெஷின், அரிவாள்மனை, சுத்தியல், அப்புறம் அந்த ஒரு நாளாவது தொடாம இருக்கலாம்னு நாமளே ஆசையா கொண்டுபோய் வைக்கிற பாடப்புத்தகம்... கரெக்ட்டா? என் ரூம்மேட் வீட்டுல என்ன வைப்பாங்க தெரியுமா? துப்பாக்கி!

பயப்படாதீங்க பாஸ். பையன் ரொம்ப சாது. கர்நாடகாவுல இருக்கற குடகு மாவட்டத்துக்காரன். ஹாஸ்டல்ல அவனுக்குப் பேரே 'காபி'தான். மெஸ் காபியைப் பார்த்து முதல் நாளே அவன் கண் கலங்கினதால வந்த பேரு. அவன் ஊர்ல பொறக்கற காவிரி, கிளை பிரிஞ்சு அரசலாறா வந்து எங்க காரைக்கால்லதான் கடலைத் தொடுது. அந்த வகையில புதுச்சேரிக்காரனான நானும் அவனும் ஒரே தண்ணி குடிச்ச சொந்தம்!

குடகுல செப்டம்பர் 3-ம் தேதி 'கைல்போத்'னு ஒரு திருவிழா. 'கைல்'னா அவங்க பாஷையில ஆயுதம். நாத்து நட்டு முடிச்ச கையோட, வீட்டுல இருக்கற துப்பாக்கி, கத்தி எல்லாத்தையும் சுத்தம் பண்ணி, பூஜை அறையில வரிசையா வெச்சு, பூ வெச்சுக் கும்பிடுவாங்க. அந்தப் பூ எது தெரியுமா? நம்ம தமிழ்நாட்டோட மாநில மலரான செங்காந்தள்! குழந்தை பொறந்தா வானத்தைப் பார்த்து ஒரு வெடி, யாராவது இறந்தா ரெண்டு வெடின்னு அவங்க வாழ்க்கையில துப்பாக்கிக்கு ஒரு இடம் உண்டு.

'லைசென்ஸ் வேணாமா?'ன்னு நீங்க கேக்கறது காதுல விழுது. 1861-ல ஆங்கிலேய அரசாங்கம் குடகு மக்களுக்குக் குடுத்த விலக்கு, 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்கு அப்புறமும் தொடருது. 2019-ல மத்திய அரசு அதை 2029 அக்டோபர் வரைக்கும் நீட்டிச்சுது. எதிர்த்துப் போட்ட வழக்குல, 2021-ல கர்நாடக ஐகோர்ட்டும் 'விலக்கு செல்லும்'னு சொல்லிடுச்சு. ஆனா அது அவங்களுக்கு மட்டும்தான். நீங்களோ நானோ லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா நேரா கம்பிதான். அதனால இந்தக் கதையில துப்பாக்கி புதுச்சேரிக்கு வரவே வராது. அதுக்கு ஒரு ஸ்டாண்டு மட்டும்தான் இங்கேயிருந்து போச்சு.

தாத்தாவும் துப்பாக்கியும்

காபி வீட்டுல இருக்கறது அவனோட தாத்தாவுக்குத் தாத்தா காலத்துத் துப்பாக்கி. பின்பக்கம் தோட்டா போடற டைப் இல்லை. குழாயோட வாய் வழியா மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, நீளக் கம்பியால கெட்டிச்சு, அப்புறம் சுடணும். நம்ம ஊர்ல 'நாட்டுத் துப்பாக்கி'ன்னு சொல்வோமே, அதே ஜாதி. பின்னாடி ஒரு சின்ன மூக்கு இருக்கும். அது மேல தீபாவளி கேப்பு மாதிரி ஒரு குட்டித் தொப்பியை மாட்டணும். விசையை இழுத்தா சுத்தி வந்து தொப்பியில அடிக்கும்... டமால்!

திருவிழா அன்னைக்கு மத்தியானம் தேங்காயைக் கட்டி வெச்சுக் குறி பார்த்துச் சுடுவாங்க. சாயங்காலமே துப்பாக்கியைக் கழுவியாகணும். அம்பது வருஷத்துக்கு மேல அந்தக் கழுவற வேலையை யார் கையிலயும் குடுக்காம தானே செஞ்சவர் காபியோட தாத்தா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவருக்குப் பக்கவாதம் வந்துச்சு. நடக்கறார், பேசறார். வலது கை மட்டும் சொன்ன பேச்சு கேக்கலை. அதுக்கப்புறம் வந்த ரெண்டு திருவிழாவுலயும் காபியோட சித்தப்பாதான் கழுவினார். ரெண்டு தடவையும் தாத்தா உள்ளே போய் கதவைச் சாத்திக்கிட்டார். வெளியே வந்து பார்க்கவே இல்லையாம்.

ஒரு நாள் ராத்திரி மொட்டை மாடியில காபி இதைச் சொல்லிட்டு, 'இந்த வருஷம் துப்பாக்கியைச் சித்தப்பா பேருக்கு எழுதிக் குடுத்துடறேன்னு சொல்லிட்டாருடா'ன்னான். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. நானும் மெக்கானிக்கல், அவனும் மெக்கானிக்கல். ஒரு கை இல்லைன்னா, அந்தக் கைக்குப் பதிலா ஒரு மரத்தை நிக்க வைக்க முடியாதா?

தண்ணி ஊத்தினா துரு பிடிக்காதா?

எனக்கு வந்த முதல் சந்தேகம் இது. இரும்பைப் போய் யாராவது தண்ணியில கழுவுவாங்களா?

கழுவணும். கருமருந்துங்கறது வெடியுப்பு, கரி, கந்தகம் மூணும் சேர்ந்த கலவை. 75, 15, 10-ங்கறது வழக்கமான விகிதம். இது எரிஞ்சு முடிச்சா எடையில பாதிக்கு மேல திடப்பொருளாவே மிஞ்சும். புகையா வெளியே போறது போக, மிச்சம் குழாய்க்குள்ள கறுப்பா ஒட்டிக்கும். அதுல பெரும்பகுதி பொட்டாசியம் உப்புங்க. உப்புன்னா என்ன பண்ணும்? காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். செப்டம்பர் மாசத்துக் குடகுல காத்தா வீசுது, தண்ணிதான் வீசுது! விட்டுட்டா குழாய் உள்ளுக்குள்ளயே அரிச்சுடும். மேல எண்ணெயைப் பூசி மறைச்சாலும் உப்பு அடியிலயே உக்கார்ந்திருக்கும். ஆனா அதே உப்பு தண்ணியில சுலபமா கரையும். அதனால சோப்புப் போட்ட சுடு தண்ணி. சுடு தண்ணிங்கறதுல இன்னொரு லாபம், குழாயும் சூடாகறதால சீக்கிரமே காயும். அப்புறம்தான் துணி, கடைசியா எண்ணெய்.

என்.சி.சி.யில இருக்கற நண்பர்களுக்கு 'புல் த்ரூ' தெரிஞ்சிருக்கும். கயித்தைப் பின்பக்கமா விட்டு முன்பக்கமா இழுத்தா வேலை முடிஞ்சுது. இந்தப் பழைய துப்பாக்கியில அது நடக்காது. பின்பக்கம் அடைச்சிருக்கும். எல்லாமே வாய் வழியாத்தான். கம்பி உள்ளே போகும்போது கோணலாப் போனா வாயோட விளிம்பு தேயும், அப்புறம் குறி தப்பும். ஸோ, ஒரு கை துப்பாக்கியை ஆடாமப் பிடிக்கணும், இன்னொரு கை கம்பியை நேரா விடணும். அழுக்குத் தண்ணியைக் கொட்ட வாயைக் கீழே சாய்க்கணும், நல்ல தண்ணி ஊத்த மறுபடி மேலே தூக்கணும். நாலு கிலோ எடையை ஒரே கையால இப்படிப் பத்துத் தடவை பண்ணிப் பாருங்க... நமக்கே நாக்கு தள்ளும்!

இந்த வேலைக்கும் எங்க ஊருக்கும் பழைய தொடர்பு ஒண்ணு இருக்கு. 1746-ல புதுச்சேரியிலேருந்து பாரடி தலைமையில கிளம்பின பிரெஞ்சுப் படை, அடையாறு ஆத்தங்கரையில ஆற்காடு நவாபோட பெரிய படையை விரட்டுச்சே, ஞாபகம் இருக்கா? அந்தச் சின்னப் படையில சுமார் 700 பேர் இந்தியச் சிப்பாய்கள். அவங்க கையில இருந்ததும் வாய் வழியா கெட்டிக்கற துப்பாக்கிதான். சண்டையைப் பத்தி எல்லா சரித்திரப் புஸ்தகமும் எழுதுது. அன்னைக்கு ராத்திரி அத்தனை துப்பாக்கியையும் உக்கார்ந்து கழுவின கைகளைப் பத்தி யாரும் எழுதின மாதிரி தெரியலை.

நியூஸ்பேப்பர்ல வந்த துப்பாக்கி

துப்பாக்கி அங்கே, நாங்க இங்கே. அளவுக்கு என்ன பண்றது? காபி தன் தங்கச்சிக்குப் போன் போட்டான். பிளஸ் டூ படிக்கற பொண்ணு. 'நீளம், அகலம், குழாயோட கனம், இதெல்லாம் வேணும்'னு சொன்னான். நாலாம் நாள் கூரியர்ல ஒரு சுருள் வந்துச்சு. பிரிச்சா, கன்னட நியூஸ்பேப்பரை நீளமா ஒட்டி, அது மேல துப்பாக்கியைப் படுக்க வெச்சு, ஸ்கெட்ச் பேனாவால சுத்தி வரைஞ்சு அனுப்பியிருக்கா! மொத்த நீளம் 54 இன்ச். சுருட்டின துண்டு மேல துப்பாக்கியை வெச்சு, எந்த இடத்துல சமமா நிக்குதுன்னு பார்த்து அங்கே ஒரு புள்ளி. கட்டையோட அடியிலேருந்து 23 இன்ச்.

அதோட நிக்கலை. பேப்பரோட ஓரத்துல நாங்க கேக்காத கணக்கு ஒண்ணு இருந்துச்சு. 'தாத்தா நாற்காலி உயரம் 17 இன்ச். உக்கார்ந்தா தரையிலேருந்து முழங்கை 26 இன்ச். இடது கை நீட்டினா எட்டற தூரம் 24 இன்ச். நின்னுக்கிட்டு வேலை செய்ய முடியாது. பிடிமானம் கம்மி, சின்னத் திருகாணி திருக வராது.'

அந்த நாலு வரியைப் படிச்சிட்டு நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை. நாங்க கேட்டது துப்பாக்கியோட அளவு. அவ அனுப்பினதுல தாத்தாவோட அளவும் இருந்துச்சு. டிசைன் மொத்தமும் அந்த ஓரத்திலேருந்துதான் ஆரம்பிச்சுது.

மரமும் ஆணியும்

புதுச்சேரியில பழைய வீடு இடிச்சா, அதோட உத்தரம், கதவு, நிலை எல்லாம் பழைய மரக்கடைக்கு வந்துடும். அப்படி ஒரு கடையில பர்மா தேக்குத் துண்டுங்க கிடைச்சுது. எந்தத் தாழ்வாரத்தைத் தாங்கின உத்தரமோ, வெயிலையும் மழையையும் பார்த்துப் பழகின மரம். இனிமே வளையாது, சுருங்காது. உளியும் சின்ன இழைப்புளியும் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுல பேரம் பேசி வாங்கினது.

காலேஜ் கார்பென்டரி ஷாப்ல இன்ஸ்ட்ரக்டர் சார் மரத்தைப் பார்த்ததும் ஒரு காந்தத்தை எடுத்துக் குடுத்தார். 'பழைய மரத்துல உடைஞ்ச ஆணி உள்ளே ஒளிஞ்சிருக்கும். இதை ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் இழைப்புளியை வை. இல்லைன்னா கத்தி போயிடும்.' ஏழு ஆணி பிடுங்கினோம்!

செஞ்சது இதுதான்.

46 இன்ச்சுல ஒரு நீளப் பலகை. அதோட பின்முனையில துப்பாக்கிக் கட்டை முட்டி நிக்க ஒரு தடுப்பு. கம்பியை உள்ளே தள்ளும்போது துப்பாக்கி பின்னாடி நகராம அது பார்த்துக்கும். பலகை மேல ரெண்டு கவட்டை, நம்ம உண்டிவில் மாதிரி. அதுல கம்பளித் துணி சுத்தி, அது மேல துப்பாக்கி படுத்துக்கும். கம்பியை வெளியே இழுக்கும்போது துப்பாக்கியும் கூடவே வந்துடாம இருக்க, கட்டில் நாடாவால ஒரு பட்டை. வாய்ப்பக்கம் 8 இன்ச் எதுவும் இடிக்காம வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும்.

இந்தப் பலகை மொத்தமும் ரெண்டு காலுக்கு நடுவுல சீசா மாதிரி ஆடும். அச்சு எங்கே? தங்கச்சி வெச்ச அந்தப் புள்ளியில, 23 இன்ச்சுல! எடை ரெண்டு பக்கமும் சமம்ங்கறதால ஒரு விரலால அழுத்தினாலே சாயும். ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ்ல 'மொமென்ட்'னு ஒண்ணு படிச்சோமே, பரீட்சை முடிஞ்சதும் மறந்தோமே, அதேதான். இன்ஸ்ட்ரக்டர் சார் இன்னொண்ணும் சொன்னார். 'அச்சு பலகைக்கு அடியில இருந்தா தலை கனத்துக் கவிழும் தம்பி. துப்பாக்கி படுக்கற உயரத்துக்கே அச்சைத் தூக்கு. தொட்டில் ஏன் கவிழறதில்லை? தொங்கறதால.' பலகையோட ரெண்டு பக்கமும் கன்னம் மாதிரி கட்டை வெச்சு அச்சைத் தூக்கினோம். தரையிலேருந்து சரியா 26 இன்ச். தாத்தாவோட முழங்கை உயரம்.

நிறுத்தறதுக்குத் திருகாணி கிடையாது. முன்பக்கக் கால்ல மூணு ஓட்டை, அதுல சொருக ஒரு தடியான மர முளை. மேல் ஓட்டையில சொருகினா வாய் மேலே தூக்கும், தண்ணி ஊத்தலாம். நடு ஓட்டை மட்டம், கம்பி விடலாம். கீழ் ஓட்டையில வாய் தாழும், அழுக்குத் தண்ணி பக்கெட்டுக்குப் போகும். முளையோட தலை, ஒரு கை முழுசா பிடிக்கற அளவுக்கு உருண்டை. இருக்கறது இடது கைப் பக்கம்.

சுடு தண்ணி விழற இடத்துல சாதாப் பசை நிக்காது. அதனால தண்ணி தாங்கற ரகப் பசை போட்டு, மூட்டுக்கு மூட்டு மர ஆணியும் அடிச்சோம். மொத்தத்தையும் கழட்டி மாட்டற மாதிரி செஞ்சோம். பஸ்ல போகணுமே! கோணியில கட்டித் தூக்கிட்டுப் போனப்ப கண்டக்டர், 'என்னப்பா, கட்டிலா?'ன்னார். 'தொட்டில்ண்ணே'ன்னான் காபி. பொய் சொல்லலை பாருங்க!

சாயங்காலம்

புதுச்சேரியிலேருந்து பெங்களூரு, அங்கேருந்து மைசூர் வழியா மடிக்கேரி, அப்புறம் ஜீப். திருவிழா அன்னைக்குக் காலையில பூஜை ஆச்சு. கடம்பிட்டும் பன்னிக்கறியும் ஆச்சு. மத்தியானம் தேங்காய் சுட்டாங்க. குறி பார்த்ததுல சித்தப்பாவோட மூணாவது குண்டுல தேங்காய் தெறிச்சுது. நான் துப்பாக்கியைத் தொடலை, காதை மட்டும் பொத்திக்கிட்டேன்.

சாயங்காலம் திண்ணையில ஸ்டாண்டை மாட்டி வெச்சோம். யாரும் தாத்தாவைக் கூப்பிடலை. தங்கச்சி அவரோட நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்துல போட்டுட்டு உள்ளே போயிட்டா. அவ்வளவுதான்.

அஞ்சு நிமிஷம் கழிச்சு அவரே வந்தார். ஸ்டாண்டைச் சுத்தி ஒரு நடை. முளையை உருவினார், சொருகினார். அப்புறம் உக்கார்ந்தார், குழாய் வாய்க்கு நேரா இல்லை, பக்கவாட்டுல. சித்தப்பா துப்பாக்கியைக் கவட்டையில படுக்க வெச்சதும் தாத்தா செஞ்ச முதல் வேலை என்ன தெரியுமா? கம்பியை உள்ளே முழுசா விட்டு, வாயிடத்துல விரலை வெச்சு அடையாளம் பிடிச்சு, வெளியே எடுத்துக் குழாயோட வெளிப்பக்கமா நீட்டிப் பார்த்தார். ரெண்டு நீளமும் ஒண்ணா இருந்தா உள்ளே காலி. கம்பி குறைவாப் போயிருந்தா இன்னும் மருந்து உள்ளே இருக்குன்னு அர்த்தம். இத்தனை வருஷ அனுபவசாலி, கண்ணு முன்னாடி சுட்ட துப்பாக்கியையே நம்பலை!

மூக்கைக் கழட்டி, அந்த ஓட்டையை ஒரு குச்சியால அடைச்சார். முளை மேலே. மூக்கு வெச்ச கெண்டியால சோப்புத் தண்ணி உள்ளே போச்சு. முளை நடுவுல. துணி சுத்தின கம்பி உள்ளே, வெளியே. முளை கீழே. பக்கெட்டுல மைக்கறுப்பாத் தண்ணி. மறுபடி முளை மேலே. ஒரு தடவை கெண்டி கை தவறிச் சாய்ஞ்சுது. காபி ஓடப் பார்த்தான். சித்தப்பா அவன் தோளைப் பிடிச்சு நிறுத்திட்டார். தாத்தா கெண்டியை நிமிர்த்தி, வெந்நீருக்குக் குரல் குடுத்துட்டு, வேலையைத் தொடர்ந்தார்.

சித்தப்பா இருபது நிமிஷத்துல முடிப்பாராம். தாத்தாவுக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. லேசா மழை தூறிச்சு. வீட்டுல இருந்த அத்தனை பேரும் ஏதோ வேலை இருக்கற மாதிரி திண்ணைப் பக்கமா நடந்துக்கிட்டே இருந்தாங்க. துணி கறுப்பா வந்துச்சு, அப்புறம் சாம்பல் நிறம், அப்புறம் பழுப்பு. பதினோராவது துணி வெள்ளையா வந்தப்ப, அதை உயர்த்திப் பிடிச்சு சித்தப்பாவுக்குக் காட்டினார். 'உன் துணி இவ்வளவு வெளுப்பா வந்திருக்கா?'ன்னு அவங்க பாஷையில கேட்டாராம். வீடே சிரிச்சுது.

எஸ்டேட்ல தமிழ் ஆட்களோட பழகினதால அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். என்னைக் கூப்பிட்டு, 'முளை நல்ல இடத்துல வெச்சிருக்கே'ன்னார். 'உங்க பேத்தி சொன்ன இடம்'னேன். திரும்பி அவளைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. எண்ணெய்த் துணியை அவ கையில குடுத்து, பக்கத்துல உக்காரச் சொன்னார். கடைசி வேலையான எண்ணெய் பூசறதை அவ செஞ்சா. அந்த வீட்டுல இதுவரைக்கும் பொண்ணுங்க யாரும் அந்தத் துப்பாக்கியைக் கழுவ உக்கார்ந்ததில்லைன்னு பஸ்ல வரும்போதுதான் காபி சொன்னான்.

துப்பாக்கி யார் பேருக்குப் போகப்போகுதுன்னு அப்புறம் பேச்சே எழலை.

ஸோ மக்களே, உங்க காலேஜ் ஒர்க்ஷாப்லயும் டி-ஜாயின்ட்டும் டவ்டெயிலும் செஞ்சு, மார்க் வாங்கி, குப்பைப் பெட்டியில போட்டிருப்பீங்க. அதே ரம்பம், அதே உளியால உங்க வீட்டுல ஒருத்தருக்கு ஏதாவது செய்ய முடியும். முழங்கால் வலிக்கற பாட்டிக்குத் தேங்காய் துருவ ஒரு உயரப் பலகை, கண் மங்கின அப்பாவுக்குப் பேப்பர் வெச்சுப் படிக்க ஒரு சாய்மானம்... யோசிச்சா ஆயிரம் கிடைக்கும். கம்ப்யூட்டர்ல படம் போடறதுக்கு முன்னாடி ஒரு இன்ச் டேப்பை எடுத்துக்கிட்டு அவங்க உக்கார்ற நாற்காலிகிட்ட போங்க.

அப்புறம் ஒரு கடைசி செய்தி. தங்கச்சி அடுத்த வருஷம் இன்ஜினீயரிங் சேரப்போறாளாம். 'எந்தப் பிராஞ்ச் எடுக்கலாம்?'னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்டா. எங்களுக்கே அளவெடுக்கச் சொல்லிக் குடுத்த பொண்ணுக்கு நாங்க என்னத்தைச் சொல்ல? நீங்களே சொல்லுங்க!